கொதித்த எஞ்சினில் தண்ணீர் ஊற்றாதீர்கள்

போன பங்குனியில் விசுவமடுப் பக்கமிருந்து ஓர் ஐயா வாட்டர் பம்பின் ஹெட்டை (எஞ்சின் சிலிண்டரின் மேல்மூடியை) உரப்பைக்குள் சுற்றிக்கொண்டு என் பட்டறைக்கு வந்தார். "தம்பி, போன மாசந்தான் ஒட்டினது. திரும்பவும் கொம்பிறசன் இல்லை." சிலிண்டருக்குள் அமுக்கம் நிற்காமல் கசிகிறது என்றார். பிளக் துளைக்கும் வால்வு அமரும் சீற்று வளையத்துக்கும் நடுவில் வெல்டிங் தடம் தடிப்பாக இருந்தது. அதன் ஓரத்திலேயே மயிரிழை போல ஒரு புது வெடிப்பு.

"முதல் எப்பிடி வெடிச்சது?"

"மிளகாய்க்கு இறைக்கேக்க நிண்டிட்டுது. நல்லாக் கொதிச்சுப்போச்சு. ஒரு வாளி தண்ணி ஊத்தினனான்."

இந்தச் சின்ன மண்ணெண்ணெய் பம்புகளுக்கு றேடியேற்றர் கிடையாது. ஹெட் அலுமினியக் கலவை. அதன் செதில்களுக்கிடையே விசிறிக் காற்று ஓடினால்தான் சூடு இறங்கும். இரும்பு கொதித்தால் சிவந்து காட்டும். அலுமினியம் 660 பாகை செல்சியஸில் உருகிவிடும், அதற்கு முன் சிவந்து எச்சரிக்காது. விரிவதும் சுருங்குவதும் இரும்பைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. தண்ணீர் பட்ட வெளிப்பக்கம் சட்டென்று சுருங்க, உட்பக்கம் விரிந்தபடியே நிற்கும். நடுவில் இரும்பு சீற்று வளையம் வேறு விட்டுக்கொடுக்காது. மெல்லிய இடம் பிளக்கும்.

அகதியாய் இந்தியாவில் இருந்த காலத்தில் கோயம்புத்தூரில் ஒரு வார்ப்பாலையின் சோதனைப் பிரிவில் ஏழு வருடம் வேலை செய்தேன். சொன்னால் சிரிப்பீர்கள், அங்கே நாங்களும் ஹெட்டைச் சூட்டோடு தண்ணீரில்தான் போடுவோம். ஆனால் 500 பாகைக்கு மேலே முழுத்துண்டும் ஒரே சீராகச் சூடேறியிருக்கும், தண்ணீரும் வெதுவெதுப்பாக இருக்கும், சீற்று வளையம் அப்போது ஏறியிராது. பிறகு 160 முதல் 200 பாகைக்குள் சில மணி நேரம் வைத்து எடுப்போம். கலவைக்குப் பலம் வருவது அந்த இடத்தில்தான். வெல்டிங் சூடு அதைச் சுற்றுவட்டாரத்தில் அழித்துவிடும். ஐயாவின் ஹெட் ஒட்டின இடத்தில் வெடிக்காமல் பக்கத்தில் வெடித்தது அதனால்தான்.

உருகிய உலோகத்தை அச்சில் ஊற்றுவதற்கு முன்பே ஒரு சோதனை உண்டு. உருகிய அலுமினியம் ஈரத்திலிருந்து ஐதரசனை இழுத்து வைத்துக்கொண்டு, உறையும்போது குமிழாக விடும். சின்னக் கிண்ணத்தில் கொஞ்சம் எடுத்து, காற்றை உறிஞ்சிய பெட்டிக்குள் உறையவிட்டு, வெட்டிப் பார்ப்போம். அப்பத்தின் நடுப்பகுதி மாதிரி ஓட்டை தெரிந்தால் அந்த உலை ஊற்றப்படாது. பழைய சட்டி பானையை உருக்கிப் பாகம் வார்க்கலாமா என்று கேட்கிற தம்பிமாருக்கு நான் இதைத்தான் சொல்வது. ஈரத்துண்டு உலையில் விழுந்தால் வெடித்துச் சிதறும் என்பதும், எங்கள் மண்ணில் கிடக்கும் பழைய உலோகத்துக்குள் என்ன இருக்கும் என்பதும் தனிக்கதை.

வெடிப்பைக் கண்டுபிடிக்கத் தொழிற்சாலையில் சிவப்புச் சாயம் பூசுவோம். இங்கே மண்ணெண்ணெய் போதும். 1990களில் தடைக்காலத்தில் மோட்டார் சைக்கிளையே அதில் ஓட்டிய சனந்தானே நாங்கள்! கழுவிய ஹெட்டை அரை மணி நேரம் ஊறவிட்டு, நன்றாகத் துடைத்து, சோக்குத்தூள் பூசுங்கள். வெடிப்பு இருந்தால் உள்ளே புகுந்த எண்ணெய் கசிந்து, வெள்ளையில் ஈரக்கோடு விழும். அப்புறம் முகப்பில் நேர்ச்சட்டம் வைத்துப் பாருங்கள். 0.1 மில்லிமீற்றர் தகடு அடியில் நுழைந்தால் ஹெட் வளைந்துவிட்டது, கேஸ்கற்றை (ஹெட்டுக்கடியில் கசிவை அடைக்கும் தகட்டை) மாற்றிப் பயனில்லை.

பம்ப் கொதித்தால் நிற்பாட்டி, நிழலில் தானாக ஆறவிடுங்கள். ஒரு மணி நேரம் தண்ணீர் பிந்தினால் மிளகாய் செத்துப்போகாது.

ஐயாவுக்கு நான் ஒட்டிக் கொடுக்கவில்லை. புது ஹெட் வாங்கச் சொல்லி, பூட்டுவதற்கு அவர் தோட்டத்துக்கே போனேன். விசிறி மூடியைக் கழற்றினால், செதில்களுக்குள் வைக்கோல் தும்பும், அதோடு ஒட்டியபடி ஒரு கைப்பிடி அளவில் குளவிக்கூடும்.