கோமாளிப் பொம்மையின் கீச்சுக்குரல்

இங்கிலாந்தின் 'பஞ்ச் அண்ட் ஜூடி' பொம்மலாட்டத்தில் கூன்முதுகும் கொக்கிமூக்குமாகத் துள்ளும் கோமாளி பஞ்ச், இத்தாலிய நாடகக் கோமாளி புல்சினெல்லாவின் வாரிசு. 1662 மே 9 அன்று லண்டன் கோவென்ட் கார்டனில் இத்தாலியப் பொம்மலாட்டம் பார்த்ததாகச் சாமுவேல் பீப்ஸ் தன் நாட்குறிப்பில் எழுதியிருக்கிறார். பஞ்சின் கீச்சுக்குரல் ஆட்டுபவரின் குரல்வளையில் பிறப்பதில்லை. வாய்க்குள் இருக்கும் 'ஸ்வாஸில்' என்ற சிறு கருவியில் பிறக்கிறது.

சற்றே வளைத்த இரண்டு உலோகத் தகடுகளை, நடுவே மெல்லிய இடைவெளி இருக்கும்படி எதிரெதிராக வைக்கிறார்கள். அந்த இடைவெளியில் ஒரு பருத்தி நாடாவை இழுத்துப் பிடித்து, மிச்ச நாடாவைத் தகடுகளின் மேலேயே சுற்றி நூலால் இறுக்கிக் கட்டுகிறார்கள். அவ்வளவுதான். இரண்டு கட்டைவிரல்களுக்கு நடுவே புல்லை வைத்து ஊதினால் எது நடக்கிறதோ, அதேதான் இங்கும்.

ஸ்வாஸிலை நாக்கால் மேலண்ணத்தோடு அழுத்திக்கொண்டு, குரல்நாண்களை அதிரவிடாமல் மூச்சை மட்டும் தள்ள வேண்டும். நாடா அதிரும், நாக்கும் உதடும் அந்த ஒலியைப் பேச்சாக வடிக்கும். ஓரத்தில் காற்று கசிந்தால் வெறும் 'உஸ்'தான் வரும். நாடா தளர்ந்தாலும் ஒலி செத்துவிடும். அளவுக்கு மீறி இறுகினால் மூச்சு முட்ட ஊத வேண்டியிருக்கும். நாதஸ்வரச் சீவாளியைப் போல இதையும் ஈரமாக வைத்திருக்க வேண்டும்.

இவ்வளவு செய்தும் பேச்சு ஏன் தெளிவாகக் கேட்பதில்லை? ஆணின் சாதாரணப் பேச்சுக்குரல் ஏறத்தாழ 120 ஹெர்ட்ஸ். அதோடு சேர்ந்தே எழும் மேற்சுரங்கள் 240, 360 என்று நெருக்கமாக அடுக்கியிருப்பதால், வாயின் ஒத்ததிர்வுகள் (வாயின் வடிவம் வலுப்படுத்திக் காட்டும் அதிர்வெண்கள்) எங்கே இருக்கின்றன என்பது காதுக்குத் தெளிவாகப் புலப்படும். உயிரெழுத்துகளை நாம் பிரித்தறிவது அவற்றை வைத்துத்தான். ஸ்வாஸிலில் அடிப்படை ஒலியே 600 ஹெர்ட்ஸாக இருந்தால் அடுத்தது 1200, பிறகு 1800. 'ஈ'யின் முதல் ஒத்ததிர்வு 300 ஹெர்ட்ஸுக்கு அருகில் இருக்கிறது. அங்கே ஒலியே இல்லை. போதாக்குறைக்கு, கருவியைப் பிடித்திருக்கும் நாக்கால் 'க', 'ங' போன்றவற்றைச் சரியாக ஒலிக்கவும் முடியாது.

சொல் மங்கினாலும் ஏற்ற இறக்கமும் தாளமும் அப்படியே கேட்கும். அதனால் தேர்ந்த ஆட்டக்காரர்கள் பஞ்சுக்குச் சிறிய, தாளக்கட்டுள்ள வாக்கியங்களையே கொடுக்கிறார்கள். எதிரே பேசும் பாத்திரம் 'என்ன, தொத்திறைச்சியா?' என்று திருப்பிக் கேட்பதும் நகைச்சுவைக்காக மட்டுமல்ல; பஞ்ச் சொன்னது பார்வையாளருக்குப் போய்ச் சேர வேண்டுமே! ராஜஸ்தானின் கட்புத்லி பொம்மலாட்டத்திலும் மூங்கிலும் தோலும் கொண்ட 'போலி' என்ற கருவி உண்டு. அங்கேயும் பொம்மையின் கீச்சொலியை உடனிருப்பவர் சொற்களாக்கிச் சொல்கிறார்.

உண்மையான கடினம், பாத்திரம் மாறும்போதுதான். பஞ்சின் மனைவி ஜூடி பேசும் முறை வந்ததும் ஸ்வாஸிலை நாக்காலேயே கன்னப்பக்கம் ஒதுக்கிவிட்டு இயல்பான குரலுக்குத் திரும்ப வேண்டும். அடுத்த நொடியே பழைய இடத்துக்குக் கொண்டுவர வேண்டும். விழுங்கிவிடும் ஆபத்து அப்போதுதான் மிக அதிகம். பழகுபவர்கள் உறுதியான நூல் ஒன்றைக் கருவியில் கட்டி, மறுமுனையை வாய்க்கு வெளியே விட்டுவைப்பது நல்லது.