டைவெஸ்ட்மென்ட்: விற்பனையா, விலக்கமா?

கொடுமைக்குத் துணைபோகும் நிறுவனத்தின் பங்குகளை, லாபம் வரும்போதே, அறத்தின் பெயரால் விற்று வெளியேறுவது டைவெஸ்ட்மென்ட். அரசு பொதுத்துறைப் பங்குகளை விற்பதையும் நம் நாளிதழ்கள் ஏறத்தாழ இதே சொல்லால் எழுதிவிடுகின்றன. அது கஜானாவுக்கான விற்பனை. டைவெஸ்ட்மென்ட்டில் பணம் நோக்கமே அல்ல.

லத்தீனில் ‘வெஸ்டிஸ்’ என்றால் ஆடை. இன்வெஸ்ட் என்றால் உடுத்துவது, டைவெஸ்ட் என்றால் களைவது. காசு சரக்காக வேறு உடை பூணுகிறது என்ற கருத்தில் இத்தாலிய வணிகர்கள் உடுத்துவதற்கான சொல்லைப் பணத்துக்கு ஆண்டார்கள். பாதிரியாரின் பூசை உடையான ‘வெஸ்ட்மென்ட்’டும் இதே வேர்தான். திருச்சபைகள் இந்தப் போராட்ட முறையைக் கையிலெடுத்ததற்கும் அதற்கும் தொடர்பில்லை, ஆனாலும் பொருத்தம்தான்.

சொல்லுக்கு இன்றைய கூர்மை தென்னாப்பிரிக்க நிறவெறி எதிர்ப்பில் வந்தது. 1971-இல் ஜெனரல் மோட்டார்ஸின் பங்குதாரரான அமெரிக்க எபிஸ்கோபல் திருச்சபை, அந்நிறுவனம் தென்னாப்பிரிக்காவை விட்டு வெளியேற வேண்டும் என்று பங்குதாரர் கூட்டத்தில் தீர்மானம் கொண்டுவந்தது. இயக்குநர் குழுவில் இருந்த பாப்டிஸ்ட் போதகர் லியோன் சல்லிவன் அதை ஆதரித்தார். தீர்மானம் தோற்றது. மறு ஆண்டு, உட்ரெக்ட் நகரில் கூடிய உலகத் திருச்சபைகள் மன்றத்தின் மத்தியக் குழு, தென்னாப்பிரிக்காவில் தொழில் செய்யும் நிறுவனங்களில் தனக்கிருந்த பங்குகளை விற்க முடிவெடுத்தது. உள்ளே இருந்து வாதாடுவது ஒரு வழி, விற்றுவிட்டு வெளியேறுவது இன்னொரு வழி. இரண்டாவதற்கே இந்தச் சொல்.

விற்றால் மட்டும் கொடுமை நின்றுவிடுவதில்லை, வாங்க ஆள் இருக்கும்வரை. சூடான் உள்நாட்டுப் போரின்போது அங்கே எண்ணெய் எடுத்த கனடாவின் டாலிஸ்மன் நிறுவனத்தைத் திருச்சபைகளும் மனித உரிமை அமைப்புகளும் ஆண்டுக்கணக்கில் நெருக்கின. 2003-இல் அது வெளியேறியபோது அதன் பங்கை வாங்கியது நம் ஓ.என்.ஜி.சி. விதேஷ். டாலிஸ்மனுக்கு அவப்பெயர் ஒட்டியது உண்மை, எண்ணெய்க் கிணறுகள் மூடவில்லை என்பதும் உண்மை.

தமிழில் என்ன சொல்லலாம்? ‘பங்கு விற்பனை’யில் அறம் தொனிக்காது. ‘மதுவிலக்கு’ நமக்குப் பழகிய சொல்; தீதென்று கண்டு ஒதுக்கும் பொருள் அதில் இருக்கிறது. ஆனால் ‘முதலீட்டு விலக்கு’ என்றால் வரிவிலக்கைப் போல ஏதோ சலுகை என்று படிப்பார்கள். ஆகவே ‘முதலீட்டு விலக்கம்’ என்பேன். அரசு செய்வதைப் ‘பங்கு விற்பனை’ என்றே எழுதலாம். அதற்கு அந்தப் பெயர் போதும்.