அனங்காம கிடந்தா சரியாயிடுமா?

ஆனி ஆடிச் சாரல் தொடங்கிவிட்டால் எங்கள் பக்கம் முற்றமெல்லாம் பாசி படர்ந்துவிடும். கன்னியாகுமரி மாவட்டத்துக்குத் தென்மேற்குப் பருவமழையும் உண்டு, ஐப்பசியில் வடகிழக்கும் உண்டு. இரண்டு மழைக்குப் பிறகும் என் பிசியோதெரபி கிளினிக்குக்கு மணிக்கட்டு உடைந்தவர்கள் வருவார்கள். பெரும்பாலும் 50 வயது கடந்த பெண்கள். மாதவிடாய் நின்ற பிறகு எலும்பின் அடர்த்தி குறையும். அந்த வயதில் பாசியில் வழுக்கி, முகம் தரையில் மோதாமல் இருக்க உள்ளங்கையை ஊன்றினால், முன்கை எலும்பு மணிக்கட்டை ஒட்டி உடைந்துவிடும்.

தக்கலைப் பக்கத்திலிருந்து 62 வயது அம்மா ஒருவர் வந்தார். (இந்தக் கட்டுரையில் வருபவர்களின் அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.) 6 வாரம் மாவுக்கட்டு, அதை அவிழ்த்து 3 வாரம் ஆகியிருந்தது. கையைச் சேலைத் தலைப்புக்குள் மறைத்துக்கொண்டே உட்கார்ந்தார். விரல்கள் வீங்கியிருந்தன, பாதிகூட மடங்கவில்லை. முழங்கை முழுதாக நீளவில்லை. தோளைத் தூக்கச் சொன்னால் உடம்பைச் சாய்த்துச் சமாளித்தார். எக்ஸ்ரேயில் எலும்பு அழகாகக் கூடியிருந்தது.

"கட்டு போட்ட அன்னிக்கே வீட்டுல எல்லாரும் சொன்னாங்க மக்களே, கைய அனங்காம வச்சிரு, எல்லாம் சரியாயிடும்னு. நானும் அப்படியே வச்சிருந்தேன்."

அனங்காம என்றால் எங்கள் ஊர்ப் பேச்சில் அசையாமல். சொன்னவர்களும் அன்பில்தான் சொன்னார்கள். ஆனால் உடைந்தது மணிக்கட்டு மட்டும். விரல்களுக்கோ முழங்கைக்கோ தோளுக்கோ எந்த அடியும் படவில்லை. மணிக்கட்டோடு சேர்த்து அவற்றையும் 9 வாரம் அசைக்காமல் வைத்ததால், நன்றாக இருந்த மூட்டுகளும் இறுகிவிட்டன. மருத்துவர் வேண்டாம் என்று சொல்லாதவரை, கட்டு போட்ட நாளிலிருந்தே விரல்களை முழுதாக மடக்கி நீட்டலாம், முழங்கையை அசைக்கலாம், தோளைத் தலைக்கு மேல் தூக்கலாம். ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை பத்துத் தடவை செய்தால் போதும், வீக்கமும் வடியும். இதை அந்த அம்மாவிடம் யாராவது இரண்டு நிமிடம் செய்து காட்டியிருந்தால் அவருக்கு 3 மாதம் மிச்சமாகியிருக்கும். ஆம், 3 மாதம் ஆனது. வெதுவெதுப்பான தண்ணீரில் கையை அமிழ்த்தி விரல் மடக்குவதில் தொடங்கினோம். பிறகு துணி பிழிந்தார், பிறகு அரைக் குடம் தண்ணீர் தூக்கினார், கடைசியில் தேங்காய் துருவினார். முதல் நாளே அவர் கேட்டது அதைத்தான்: "தேங்கா துருவ முடியுமா?"

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கட்டு பிரித்த பிறகு கை முழுக்க வீங்கி, தோல் பளபளத்து, நிறம் மாறி, மெல்லத் தொட்டாலே தீ பட்டதுபோல எரிந்தால், "கட்டு போட்டா அப்படித்தான் இருக்கும்" என்று விட்டுவிடாதீர்கள். நரம்புகள் அளவுக்கு மீறி வலியைக் கிளப்பும் நிலை அது. சீக்கிரம் கவனித்தால் திருப்பிவிட வாய்ப்பு அதிகம். நாள் கடந்தால் கடினம்.

அசைவு ஏன் இவ்வளவு முக்கியம்? ஈத்தாமொழிப் பக்கம் கயிறு திரிப்பதைப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் புரியும். தும்பு, அதாவது தேங்காய் நார், குவியலாகக் கிடக்கும்போது சும்மா பிய்த்தாலே வந்துவிடும். அதையே ஒரே திசையில் இழுத்துத் திரித்தால் தென்னை மரத்தையே கட்டி இழுக்கலாம். தசைநாரோ மூட்டைச் சுற்றிய தசைப்பட்டையோ கிழிந்தால் உடம்பு அங்கே புதிய நார்களை உண்டாக்கும். முதல் சில நாள் வீக்கமும் சூடும் இருக்கும், அதற்கடுத்த சில வாரங்களில் புது நார்கள் வரும். அவை முதலில் தும்புக் குவியல்போலக் கண்டபடிதான் கிடக்கும். எந்தப் பக்கம் இழுவை வருகிறதோ அந்தப் பக்கமாக அவை மெல்ல வரிசைப்பட்டு வலுப்படும். இந்த வேலை மாதக்கணக்கில், சில நேரம் ஒரு வருடம்வரை நடக்கும். அளவான இழுவையே கிடைக்காத இடம் வலுவில்லாமல் ஒட்டிப்போகும். மூட்டுக்குள் இருக்கும் குருத்தெலும்புக்கு ரத்தக் குழாயே கிடையாது. மூட்டு அமுங்கி விரியும்போது உள்ளிருக்கும் திரவம் போய்வருவதுதான் அதற்குச் சாப்பாடு. தொடைத் தசையோ, காலை அசைக்காமல் வைத்தால் முதல் வாரத்திலேயே இளைக்கத் தொடங்கிவிடும்.

அதற்காக வலியைப் பல்லைக் கடித்துத் தாங்கிக்கொண்டு செய்யச் சொல்லவில்லை. அப்படிச் செய்து கெடுத்துக்கொண்டு வருபவர்களும் உண்டு, குறிப்பாகக் கால்பந்து ஆடும் பையன்கள். முழங்கால் தசைநார் அறுந்து ஆபரேஷன் செய்தவர்கள் 9 மாதமாவது போகாமல் களத்தில் இறங்கக்கூடாது. நாலாவது மாதம் வலி போய்விடும், ஓட முடியும்போல இருக்கும். உள்ளே புதுத் தசைநார் இன்னும் தயாராகியிருக்காது.

என்னிடம் வருபவர்களுக்கு நான் சொல்லும் கணக்கு எளிது. பயிற்சி செய்யும்போது கொஞ்சம் வலித்தால் பரவாயில்லை. மறுநாள் காலை எழும்போது எப்படி இருக்கிறது என்று பாருங்கள். நேற்றுப்போலவே இருந்தால் அளவு சரி. கூடுதலாக வலித்தாலோ வீங்கியிருந்தாலோ நேற்றுச் செய்தது அதிகம், பாதியாகக் குறையுங்கள். நிறுத்திவிடாதீர்கள்.

முதுகுவலியில் இந்த "அனங்காம" செய்யும் கேடு இன்னும் பெரிது. குளச்சல் பக்கத்து மீனவர் ஒருவர், 41 வயது. வலை இழுக்கும்போது இடுப்பில் பிடித்து, காலுக்கு வலி இறங்கியது. 25 நாள் பெல்ட்டோடு பாயில் கிடந்திருக்கிறார். உள்ளே வந்ததும் என் முகத்தைப் பார்க்காமல் ஸ்கேன் ரிப்போர்ட்டைத்தான் நீட்டினார். "டிஸ்க் விலகியிருக்காம். இனி கடலுக்குப் போகவே முடியாதுன்னு சொல்றாவ." சொன்னது மருத்துவர் இல்லை, அக்கம்பக்கத்தார். அவர் மனைவி கதவருகே நின்று அழுதுகொண்டிருந்தார்.

அவர்களிடம் பேசியதுதான் முதல் சிகிச்சை. வலியே இல்லாதவர்களின் முதுகை ஸ்கேன் செய்து பார்த்த பல ஆய்வுகளைத் தொகுத்து 2015-இல் ஒரு கட்டுரை வந்தது. 20 வயதினரில் 37 சதவீதம் பேருக்கும் 80 வயதினரில் 96 சதவீதம் பேருக்கும் டிஸ்க்கில் தேய்மானம் இருந்தது. இவர்களில் ஒருவருக்கும் முதுகுவலி கிடையாது. அதாவது, நரைமுடிபோல வயதோடு வருவதும் ரிப்போர்ட்டில் எழுதப்படும். வெளியே பிதுங்கிய டிஸ்க்கை உடம்பே மெல்லக் கரைத்துக்கொள்வதும் அடிக்கடி நடக்கிறது. புதிதாக வந்த முதுகுவலி பெரும்பாலானவர்களுக்கு 6 வாரத்துக்குள் நன்றாகக் குறைந்துவிடும். படுத்தே கிடப்பவர்களுக்கு அது தள்ளிப்போகும்.

அன்று மாலையே திண்ணையில் 5 நிமிடம் நடக்கச் சொன்னேன், ஒரு நாளில் நாலு தடவை. இரண்டாவது வாரம் கடற்கரை வரை போய் வந்தார். அப்புறம் குனிவது, மணல் வாளி தூக்குவது, கயிற்றைக் கால்பலத்தில் இழுப்பது. 11-வது வாரம் கடலுக்குப் போனார், முதலில் பக்கத்துக் கடலுக்குத்தான். பெல்ட் இப்போது வீட்டில் எங்கே கிடக்கிறதென்று அவருக்கே தெரியாது.

எல்லா முதுகுவலியும் இப்படி இல்லை என்பதையும் மறைக்க மாட்டேன். சிறுநீர், மலம் கட்டுப்பாட்டில் இல்லாமல் போனாலோ, சிறுநீர் அடைத்துக்கொண்டாலோ, மலவாய், பிறப்புறுப்பைச் சுற்றி மரத்துப்போனாலோ, கால் நாளுக்கு நாள் பலமிழந்தாலோ பிசியோவிடம் வந்து நேரத்தை வீணாக்கக்கூடாது. அன்றே, அந்த மணிநேரமே பெரிய மருத்துவமனைக்குப் போக வேண்டும். முதுகுவலியோடு காய்ச்சல், காரணமில்லாத எடைக்குறைவு, முன்பு புற்றுநோய் இருந்த வரலாறு, உயரத்திலிருந்து விழுந்தது என்று ஏதாவது இருந்தாலும் முதலில் மருத்துவர்தான் பார்க்க வேண்டும்.

"கரண்ட் மட்டும் வச்சு விடுங்க, எக்சர்சைஸ் எல்லாம் நேரமில்ல." வாரத்துக்கு இரண்டு பேராவது இதைச் சொல்வார்கள். கரண்ட் என்று மக்கள் சொல்வது வலியைத் தணிக்கும் மின் கருவிகளை. அவற்றை நானும் பயன்படுத்துகிறேன். வலி கொஞ்ச நேரம் அடங்கும், அந்த நேரத்தில் மூட்டை அசைக்க முடியும். அதோடு அதன் வேலை முடிந்தது. தசை வலுவடையாது, இறுகிய மூட்டு விரியாது. வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஒரு கிளினிக்கில் 10 நாள் கரண்ட் வைத்து அனுப்புவதுதான் வழக்கம் என்று நானும் செய்தேன். அதே ஆட்கள் மூன்று மாதத்தில் அதே வலியோடு திரும்பி வந்தார்கள், அதே காசை மறுபடி கட்டினார்கள். கூலி வேலை செய்பவர்கள். அந்தக் குற்ற உணர்வு எனக்கு இன்றும் இருக்கிறது. உங்கள் பிசியோ உங்களை எழுப்பி எதையும் செய்ய வைக்காமல் படுக்க வைத்து மெஷினை மாட்டி மட்டும் அனுப்பினால், "வீட்டில் நான் என்ன செய்யணும்?" என்று தயங்காமல் கேளுங்கள்.

நம் மாவட்டத்தில் வர்ம ஆசான்களின் மரபு நெடியது. என் பாட்டிக்கும் ஆசான்தான் கட்டுப் போட்டார். அந்த அறிவின்மேல் எனக்கு மரியாதை உண்டு. இருந்தாலும் குழந்தைகளின் முழங்கை விஷயத்தில் கெஞ்சிக் கேட்கிறேன்: பிள்ளை மாமரத்திலிருந்தோ சைக்கிளிலிருந்தோ விழுந்து முழங்கை வீங்கினால், எக்ஸ்ரே எடுக்காமல் யாரும் தடவவும் கூடாது, இழுக்கவும் கூடாது. அடிபட்ட முழங்கையை அழுத்தித் தேய்த்தால் தசைக்குள்ளேயே எலும்பு வளர்ந்து மூட்டு பூட்டிக்கொள்ளலாம். எந்தக் கட்டானாலும், அது மாவுக்கட்டானாலும் மூங்கில் பத்தையானாலும், கட்டிய பிறகு வலி ஏறிக்கொண்டே போய், விரல் நீலமாகி, மரத்து, நீட்டினால் பிள்ளை அலறினால் உடனே கட்டைத் தளர்த்தி மருத்துவமனைக்கு ஓடுங்கள். ரத்த ஓட்டம் நின்ற தசை சில மணி நேரத்தில் செத்துவிடும், பிறகு எந்தப் பயிற்சியாலும் அதை எழுப்ப முடியாது. விரல்கள் கொக்கிபோல வளைந்துபோன ஒரு பையனுக்கு இரண்டு வருடம் பயிற்சி கொடுத்திருக்கிறேன். பேனா பிடிக்கும் அளவுக்குத்தான் வர முடிந்தது.

கால்முட்டு வலிக்குத் தனியாக எழுத வேண்டும். இப்போதைக்கு ஒன்று: "முட்டு தேஞ்சு போச்சு, நடந்தா இன்னும் தேயும்" என்று நடையை நிறுத்தாதீர்கள். தொடையின் முன்தசை வலுவானால் மூட்டுக்கு வரும் சுமை குறையும். நாற்காலியில் உட்கார்ந்து கையூன்றாமல் எழுந்திருப்பதே நல்ல பயிற்சி. உடம்பில் ஒரு கிலோ குறைந்தால், நடக்கும் ஒவ்வொரு அடியிலும் முட்டில் நாலு கிலோ குறையும். அண்டி ஆபீசில் (முந்திரி ஆலையில்) வேலை செய்யும் அக்காமார், அரைமணிக்கு ஒருமுறை எழுந்து நின்று காலை நீட்டுங்கள். சுகர் இருப்பவர்களுக்குத் தோள் இறுகும் நோய் மற்றவர்களைவிட அதிகம் வருகிறது. முதுகுக்குப் பின்னால் கை போகவில்லை என்று தெரிந்ததுமே வாருங்கள், முடி சீவ முடியாமல் போகும்வரை காத்திருக்க வேண்டாம்.

காசு இல்லையே என்று சிலர் வராமலே இருக்கிறார்கள். ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் பிசியோதெரபி பார்க்கிறார்கள். 2021 ஆகஸ்ட் 5 முதல் நடக்கும் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில், எழுந்து வர முடியாதவர்களுக்கு வீட்டுக்கே வந்து பிசியோதெரபி கொடுக்கும் ஏற்பாடு உண்டு. பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைக் கொடுத்துக் கேளுங்கள்.

போன மாதம் குலசேகரம் பக்கமிருந்து ரப்பர் பால் வெட்டும் அண்ணன் ஒருவர் வந்தார். விடியற்காலையில் தலையில் லைட்டைக் கட்டிக்கொண்டு நூற்றுக்கணக்கான மரம் வெட்டுபவர். முழங்கையின் வெளிப்பக்கம் வலி, டம்ளரைக்கூடப் பிடிக்க முடியவில்லை. இரண்டு வாரம் பயிற்சி கொடுத்தும் முன்னேற்றம் மெதுவாகத்தான் இருந்தது. மறுமுறை வரும்போது பால்வெட்டுக் கத்தியை எடுத்து வரச் சொன்னேன். வாய் மழுங்கியிருந்தது, அதனால் ஒவ்வொரு வெட்டுக்கும் கூடுதலாக இறுக்கிப் பிடித்திருக்கிறார். பிடியும் அவர் கைக்கு மெல்லியது. கத்தியைத் தீட்டி, பிடியில் பழைய சைக்கிள் ட்யூபைச் சுற்றினோம். தண்ணீர் பாட்டிலை வைத்து மணிக்கட்டை மெல்ல இறக்கும் பயிற்சி தொடர்ந்தது. இப்போது பாதி மரம் வெட்டுகிறார்.

அதிலிருந்து எல்லோரிடமும் கேட்கிறேன். வரும்போது ரிப்போர்ட்டோடு, நீங்கள் வேலை செய்யும் கத்தியோ உளியோ எதுவானாலும் எடுத்து வாருங்கள். தூக்கி வர முடியாத வேலையென்றால், வேலை செய்யும்போது பக்கத்தில் இருப்பவரை போனில் வீடியோ எடுக்கச் சொல்லுங்கள். ஒரு நிமிடம் போதும்.