சும்மா கிடக்கும் போனும் இரண்டு கடலும்

இராமநாதபுரம் மாவட்டத்து உச்சிப்புளிப் பக்கத்திலிருந்து ஒரு பிளஸ் ஒன் மாணவர் இரண்டு கேள்வி கேட்டிருக்கிறார். போனில் முடுக்கமானிச் செயலி ஒன்றை இறக்கி, போனை மேசையில் மல்லாக்க வைத்துவிட்டுப் பார்த்தாராம். முடுக்கம் 9.8 என்று காட்டுகிறது. அசையாமல் கிடக்கிற பொருளுக்கு முடுக்கம் பூஜ்யம்தானே, சென்சார் கெட்டுவிட்டதா என்பது முதல் கேள்வி. இதை வைத்து அப்பாவின் வத்தையில் (சிறு மீன்பிடிப் படகில்) அலையின் உயரத்தை அளக்க முடியுமா என்பது இரண்டாவது.

சென்சார் கெடவில்லை. அலையை அளக்கவும் முடியும். இரண்டாவது கேள்விக்கான வழி முதல் கேள்விக்குள்ளேயே இருப்பதால் அங்கே கொஞ்ச நேரம் நிற்போம்.

தூண்டிலில் கட்டுகிற ஈயக்குண்டு ஒன்றை எடுத்து, ஒரு ரப்பர் பேண்டில் கட்டி, மூடிய பெட்டிக்குள் தொங்கவிடுங்கள். பெட்டி மேசையில் இருக்கும்போது ரப்பர் கொஞ்சம் இழுபட்டிருக்கும். பெட்டியைச் சட்டென்று மேலே தூக்கினால் இன்னும் இழுபடும். பெட்டியைக் கைவிட்டால்? பெட்டியும் விழுகிறது, குண்டும் அதே வேகத்தில் விழுகிறது, ரப்பர் தளர்ந்துவிடுகிறது. பெட்டிக்குள் உட்கார்ந்திருக்கிற ஒருவருக்கு வெளியுலகம் தெரியாது. ரப்பர் எவ்வளவு இழுபட்டிருக்கிறது என்பது மட்டும்தான் தெரியும்.

போனுக்குள் இருப்பதும் இப்படி ஒரு பெட்டிதான். முடுக்கமானி என்று பெயர் இருந்தாலும், அது உணர்வது தன்னைத் தாங்கிப் பிடிக்கும் விசையை. மேசை போனை மேல்நோக்கித் தள்ளிக்கொண்டே இருக்கிறது. அந்தத் தள்ளலைத்தான் 9.8 என்று சொல்கிறது. தாங்க ஆளில்லாமல் விழும்போது பூஜ்யம் காட்டும். சோதித்துப் பார்க்க நம் கரையில் அருமையான மெத்தை உண்டு: வலைக்குவியல். ஒரு மீட்டர் உயரத்திலிருந்து போனை அதன்மேல் விடுங்கள். வரைபடத்தில் ஏறக்குறைய 0.45 நொடிக்கு கோடு பூஜ்யத்தை ஒட்டிப் படுத்திருக்கும். அந்த நேரத்தை வைத்து ஈர்ப்பு முடுக்கத்தையே கணக்கிட்டுவிடலாம்.

இன்னொன்று. பாடப்புத்தகத்தின் 9.8 நம் ஊருக்குச் சற்றே அதிகம். நாம் இருப்பது 9 பாகை அட்சரேகையை ஒட்டி, நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்தில். பூமி அங்கே கொஞ்சம் உப்பியிருக்கிறது, சுழற்சியின் விளைவும் அங்கேதான் அதிகம். அதனால் இராமநாதபுரம் கடற்கரையில் மதிப்பு சுமார் 9.78.

சரி, ரப்பருக்கும் ஈயத்துக்கும் பதிலாக உள்ளே என்ன இருக்கிறது? எனக்கு எத்தனை முறை யோசித்தாலும் அலுக்காத இடம் இது. சிலிக்கான் தகட்டிலேயே செதுக்கிய ஒரு குட்டி நிறை. அதைப் பிடித்திருக்கும், அதே சிலிக்கானில் செதுக்கிய மெல்லிய வில்கள். நிறையின் இரு பக்கமும் சீப்புப் பல் போல விரல்கள் நீண்டிருக்கும். எதிரே அசையாத சட்டத்திலிருந்தும் அதே மாதிரி விரல்கள். இரண்டு சீப்புகளை ஒன்றுக்குள் ஒன்று தொடாமல் நுழைத்தது போல இருக்கும். பற்களுக்கு நடுவே இடைவெளி ஓரிரு மைக்ரோமீட்டர். நம் தலைமுடி சுமார் 70 மைக்ரோமீட்டர்.

அசையும் பல் ஒவ்வொன்றும் இரண்டு நிலையான பற்களுக்கு நடுவே நிற்கிறது. ஆக ஒரு பல்லுக்கு இரண்டு மின்தேக்கி, அதாவது மின்னூட்டத்தைச் சேர்த்துவைக்கும் இரண்டு அமைப்பு. நிறை நகர்ந்தால் ஒரு பக்க இடைவெளி குறைந்து மின்தேக்குத்திறன் கூடும், மறுபக்கம் குறையும். நிலையான பற்களுக்கு ஒன்றுக்கொன்று எதிரான மின்னழுத்த அலைகளைக் கொடுத்துவிடுவார்கள். நிறை சரியாக நடுவில் இருந்தால் இரண்டும் ஒன்றையொன்று அடித்துவிடும், சமிக்ஞை வராது. கொஞ்சம் ஒதுங்கினாலும் மிச்சம் ஒன்று தலைகாட்டும். அந்த மிச்சம்தான் நாம் திரையில் பார்க்கும் எண்.

நிறை எவ்வளவு ஒதுங்கும்? பதினொன்றாம் வகுப்புத் தனிச்சீரிசை இயக்கமே, அதாவது வில்லில் கட்டிய குண்டு சீராக ஆடுகிற ஆட்டமே போதும். விலகல் என்பது முடுக்கத்தைக் கோண அதிர்வெண்ணின் வர்க்கத்தால் வகுத்தது. நிறை எத்தனை மைக்ரோகிராம் என்றுகூடத் தெரிய வேண்டியதில்லை. அந்தச் சிலிக்கான் தன்பாட்டுக்கு ஆடினால் நொடிக்கு 5000 முறை ஆடும் என்று வைத்துக்கொள்வோம். கோண அதிர்வெண் என்பது இந்த எண்ணை 2π-ஆல் பெருக்கியது, சுமார் 31,400; அதன் வர்க்கம் கிட்டத்தட்ட 99 கோடி. 9.78ஐ அதால் வகுத்தால் வருவது 10 நானோமீட்டர். டி.என்.ஏ. இழையின் தடிமன் 2 நானோமீட்டர். அதாவது, மேசைமேல் போன் கிடக்கும்போது பூமியின் முழு ஈர்ப்பும் சேர்ந்து அந்த நிறையை ஐந்து டி.என்.ஏ. இழை அகலத்துக்குத்தான் கீழே தொங்கவிடுகிறது. போனை லேசாகச் சாய்த்தால் திரை திரும்புகிறதே, அப்போது அது கண்டுபிடிப்பது இந்தப் பத்து நானோமீட்டரின் ஒரு சிறு பங்கை.

இந்தச் சில்லுகள் முதலில் பெருமளவில் தேவைப்பட்டது கார்களின் காற்றுப்பைக்கு; மோதலை உணர்ந்து பையை ஊதவைக்க. அங்கே கோடிக்கணக்கில் தயாரானதால் விலை விழுந்தது, அப்புறம் போனுக்குள் வந்தது.

இப்போது பொருத்தும் வேலை. போன் இருந்தால் ஜெர்மனியின் ஆஹன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் தரும் ஃபைஃபாக்ஸ் என்ற இலவசச் செயலி போதும். தனிச் சென்சார்தான் வேண்டுமென்றால் ஏ.டி.எக்ஸ்.எல். 345 என்ற முடுக்கமானிச் சில்லு உள்ள பலகையை, ஆர்டுயினோ என்ற நிரல் எழுதக்கூடிய சிறு மின்னணுப் பலகையோடு இணைக்கலாம். சில்லு கேட்பது 3.3 வோல்ட் அளவிலான மின்னழுத்தம். என் முதல் பலகையை, அதில் மின்னழுத்தச் சீராக்கி இல்லை என்பதைக் கவனிக்காமல், 5 வோல்ட்டில் செருகி அன்றைக்கே இழந்தேன். மின்சாரம் கொடுத்ததும் அது தூக்கத்தில்தான் இருக்கும்; அளக்கத் தொடங்கு என்று நிரலில் ஒரு கட்டளை கொடுக்க வேண்டும். எல்லா எண்ணும் பூஜ்யமாக வந்தால் முதலில் அதைப் பாருங்கள்.

அடுத்தது அளவுதிருத்தம். இதைத் தாண்டிப் போகிறவர்கள்தான் அதிகம். சென்சாரை ஒவ்வொரு அச்சிலும் ஒருமுறை மேலே பார்க்க, ஒருமுறை கீழே பார்க்க, ஆக ஆறு நிலையில் அசையாமல் வைத்துக் குறித்துக்கொள்ளுங்கள். ஓர் அச்சு மேலே பார்க்கும்போது 10.00, கீழே பார்க்கும்போது −9.56 என்று வந்தால், இரண்டின் சராசரி 0.22 அதன் பிறவிப் பிழை. அதைக் கழித்துவிட்டால் இரண்டு பக்கமும் 9.78. ஆறு அளவுக்கும் பத்து நிமிடம் ஆகுமா? அந்தப் பத்து நிமிடத்தைச் செலவழிக்காவிட்டால் என்ன ஆகும் என்று பாருங்கள். முடுக்கத்தை இருமுறை தொகையிட்டால் தூரம் கிடைக்கும் என்று படித்திருக்கிறோம். 0.01 என்ற சின்னப் பிழை மிச்சமிருந்தால்கூட, சும்மா கிடக்கும் போன் ஒரு நிமிடத்தில் 18 மீட்டர் போய்விட்டதாகக் கணக்கு சொல்லும். பத்து நிமிடத்தில் 1800 மீட்டர். பாம்பன் பழைய ரயில் பாலத்தின் நீளம் ஏறக்குறைய 2 கிலோமீட்டர். அதைக் கிட்டத்தட்டக் கடந்துவிட்ட மாதிரி.

அதனால் அலைக்கு நேரடியாகத் தொகையிடுவதில்லை. சிலிக்கானுக்குப் போட்ட அதே கணக்கைக் கடலுக்கும் போடுகிறோம். படகு அலையோடு ஏறி இறங்குவதும் ஏறக்குறைய தனிச்சீரிசை இயக்கம்தான். அலையின் வீச்சு என்பது முடுக்கத்தின் உச்ச மாற்றத்தைக் கோண அதிர்வெண்ணின் வர்க்கத்தால் வகுத்தது. நானோமீட்டரில் வேலை செய்த அதே வரி இங்கே மீட்டரில் வேலை செய்கிறது.

தனுஷ்கோடிப் பக்கம் வடக்கே இருப்பதைப் பெண் கடல் என்றும் தெற்கே இருப்பதை ஆண் கடல் என்றும் சொல்வார்கள். பாம்பனில் வடகடல், தென்கடல். வடக்கே பாக் விரிகுடா ஆழம் குறைந்தது. இலங்கையும் மணல்திட்டுகளும் மறைத்திருப்பதால் தூரத்துப் பேரலை உள்ளே வருவதில்லை. அங்கே காற்று அந்த இடத்திலேயே கிளப்புகிற குட்டை அலைதான். தென்கடலுக்கு இந்தியப் பெருங்கடலின் தென்கோடியிலிருந்து நெடுந்தூரம் நடந்து வந்த நீண்ட அலை வரும்.

வடகடலில் உச்சிக்கும் பள்ளத்துக்கும் 40 சென்டிமீட்டர் வித்தியாசமுள்ள அலை, 3 நொடிக்கு ஒன்று என்று வையுங்கள். வீச்சு 0.2 மீட்டர். முடுக்கம் 0.88 வரும். தென்கடலில் ஒரு மீட்டர் உயர அலை, 12 நொடிக்கு ஒன்று. வீச்சு 0.5 மீட்டர். முடுக்கம் வெறும் 0.14. உயரத்தில் இரண்டரை மடங்கு பெரிய அலை, சென்சாருக்கு ஆறில் ஒரு பங்காகத் தெரிகிறது! முதன்முதலில் இந்தக் கணக்கைப் போட்டபோது தப்பு செய்துவிட்டேன் என்று நினைத்து மறுபடியும் போட்டேன். பிறகு இரண்டு பக்கமும் படகில் உட்கார்ந்திருந்த நினைவு வந்தது. வடக்கே சின்ன அலை உடம்பைக் குலுக்கும்; தெற்கே பெரிய அலை தொட்டில் மாதிரி தூக்கி மெதுவாக இறக்கும். நம் காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்பும் ஒரு முடுக்கமானிதான், அதற்கும் உயரம் தெரியாது. பெண் கடல், ஆண் கடல் என்பதற்குச் சுற்றுலா வருகிறவர்களிடம் தெய்வக் கதை சொல்லி முடித்துவிடுகிறார்கள். எனக்கு அது வருத்தம். தலைமுறை தலைமுறையாகக் கடலைக் கூர்ந்து பார்த்தவர்கள் வைத்த பெயர் அது. அதைக் கணக்கில் எழுத முடியும் என்று பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும்.

ஹைதராபாத்தில் இருக்கும் இந்தியப் பெருங்கடல் தகவல் சேவை மையம் கடலில் மிதக்கவிட்டிருக்கும் அலைமானி மிதவைகளும் முடுக்கத்தை அளந்தே அலை உயரத்தைச் சொல்கின்றன. சில மிதவைகளில் சென்சாரைத் திரவத்துக்குள் தொங்கும் தட்டில் வைத்திருப்பார்கள், மிதவை சாய்ந்தாலும் தட்டு சாயாமல் இருக்க. நம் வத்தையில் அந்த வசதி கிடையாது. படகு 5 பாகை சாய்ந்தால் கிடைமட்ட அச்சில் ஈர்ப்பே 0.85 ஆகப் புகுந்துவிடும். செங்குத்து அச்சில் பிழை 0.04க்குள் அடங்கும். எனவே செங்குத்து அச்சை மட்டும் நம்புங்கள்.

பாலத்திலும் இதே அறிவு உதவுகிறது. ஒரு கட்டமைப்பு துருப்பிடித்து விறைப்பு குறைந்தால் அதன் இயல்பு அதிர்வெண்ணும் குறையும். 1914இல் திறந்த பழைய பாம்பன் பாலத்தைச் சென்னை ஐ.ஐ.டி. உணரிகள் பொருத்திக் கண்காணித்து வந்தது. 2022 டிசம்பரில் அதில் ரயில்கள் நின்றன. புதிய செங்குத்துத் தூக்குப் பாலம் 2025 ஏப்ரலில் திறந்தது.

இவ்வளவும் செய்யும் சென்சார் பலகை சில நூறு ரூபாய். கடற்கரையில் இருக்கும் ஒவ்வொரு மேல்நிலைப் பள்ளிக்கும் ஒன்று வாங்கிக் கொடுப்பது பெரிய செலவே இல்லை. ஒரு கிலோமீட்டர் தள்ளிக் கடல் ஆடிக்கொண்டிருக்க, பிள்ளைகள் தனிச்சீரிசை இயக்கத்தைக் கரும்பலகையில் மட்டும் பார்ப்பது எனக்குப் பொறுக்கவில்லை. ஆராய்ச்சிக்குப் பணம் என்றால் பெரிய நிறுவனங்கள்தான் நினைவுக்கு வருகின்றன; இந்தச் சில நூறு ரூபாயும் அந்தக் கணக்கில் வர வேண்டும்.

சரி தம்பி, கடலுக்குப் போகும்போது கவனிக்க வேண்டியவை: அப்பாவோடுதான் போக வேண்டும். நங்கூரம் போட்டு, இன்ஜினை அணைத்துவிடுங்கள். இன்ஜின் நொடிக்கு 25 முறை அதிர்ந்து, நீங்கள் நொடிக்கு 24 முறை அளந்தால், நொடிக்கு ஒரு அலை வருவது போலப் பொய்யான கோடு விழும். நொடிக்கு 50 அளவீடு வையுங்கள். போனைத் தண்ணீர் புகாத உறையில் போட்டு, அணியத்தில் (படகின் முன்முனையில்) இல்லாமல் நடுப்பலகையில், திரை மேலே பார்க்க அசையாமல் கட்டுங்கள். அணியத்தில் வைத்தால் படகு தலையாட்டுவதும் சேர்ந்துவிடும். பத்து அலைக்கு எவ்வளவு நேரம் என்று கடிகாரத்தில் தனியே எண்ணுங்கள், வரைபடத்தோடு ஒத்துப்பார்க்க. ஒரே காலையில் பாம்பன் வடக்குக் கரையில் பத்து நிமிடம், குந்துகால் பக்கம் தெற்கே பத்து நிமிடம். அப்போது வீசுவது வடக்கத்திய வாடைக் காற்றா, தென்மேற்கிலிருந்து வரும் கச்சான் காற்றா என்பதையும் நேரத்தோடு எழுதி, இரண்டு வரைபடத்தையும் எனக்கு அனுப்புங்கள்.