இரண்டரைக் கோடி ரூபாய் மையம் யாருக்கு? ஏ.சி.ஐ.சி பற்றிக் கொஞ்சம் விவரமாக

ராமநாதபுரம் மாவட்டம் முதுகுளத்தூர் பக்கம் எனக்குத் தெரிந்த ஒரு அண்ணன் முண்டு மிளகாய் போடுகிறார். பழத்தைப் பறித்துக் களத்தில் பரப்பிக் காயப்போடுவதுதான் அங்கே வழக்கம், நடுவில் ஒரு மழை பெய்தால் நிறம் போய்விடும், நிறம் போனால் விலையும் போய்விடும். இரண்டு வருஷமாக இதையே யோசித்து, இரும்புச் சட்டத்தில் நாலு அடுக்கு வலை கட்டி, மேலே பாலித்தீன் தாள் போட்டு, பழைய கார் ரேடியேட்டர் ஃபேனைச் சின்ன சோலார் பேனலில் ஓடவிட்டு ஒரு உலர்த்தி செய்திருக்கிறார். மேல் அடுக்கு காய்ந்துவிடுகிறது, கீழ் அடுக்கு காயவில்லை. ஒரு வத்தலை எடுத்துக் காதருகே குலுக்கி, உள்ளே விதை சத்தம் போடுகிறதா என்று கேட்டுத்தான் அது காய்ந்துவிட்டது என்று முடிவு செய்கிறார். அவருக்கு இப்போது பணத்தைவிட அவசரமாக வேண்டியது ஒரு ஈரப்பத மீட்டர், காற்று எந்தப் பக்கம் போகிறது என்று பார்த்துச் சொல்ல ஒரு இன்ஜினியர், வெல்டிங் மெஷின் இருக்கும் ஒரு கொட்டகை.

இந்த மாதிரி ஆட்களுக்காகவே ஒன்றிய அரசில் ஒரு திட்டம் இருக்கிறது. நிதி ஆயோக்கின் கீழ் 2016-இல் தொடங்கிய அடல் புத்தாக்க இயக்கம், பள்ளிகளில் ஆய்வகங்களுக்கும் (அடல் டிங்கரிங் லேப், ஒரு பள்ளிக்கு 20 லட்சம் வரை) புதிய யோசனைகளைத் தொழிலாக வளர்த்தெடுக்க உதவும் பெரிய இன்குபேஷன் சென்டர்களுக்கும் (ஒன்றுக்கு 10 கோடி வரை) பணம் கொடுத்து வந்தது. 10 கோடி மையத்தை நடத்தும் அளவுக்குச் சின்ன ஊர்களில் வசதி இருக்காது என்பதால், பின்தங்கிய இடங்களுக்கென்று அடல் கம்யூனிட்டி இன்னோவேஷன் சென்டர், அதாவது ஏ.சி.ஐ.சி, என்று தனியாக ஒன்றைக் கொண்டுவந்தார்கள். இரண்டாம், மூன்றாம் நிலை நகரங்கள், முன்னேற விழையும் மாவட்டங்கள் (பின்தங்கியவை என்று ஒன்றிய அரசு பட்டியலிட்டவை), பழங்குடிப் பகுதிகள், மலை, கடலோரம் இவைதான் குறி. 2018-இல் அறிவித்த 112 முன்னேற விழையும் மாவட்டங்களில் தமிழ்நாட்டிலிருந்து இரண்டு: ராமநாதபுரம், விருதுநகர். விருதுநகர் மாவட்டம் கிருஷ்ணன்கோவிலில், கலசலிங்கம் பல்கலைக்கழகத்தை ஒட்டி, ஒரு ஏ.சி.ஐ.சி இருக்கிறது.

சரி, பணம் எப்படி வருகிறது? இங்கேதான் பலரும் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். ஒரு மையத்துக்கு அரசு 2.5 கோடி ரூபாய் வரை மானியம் தரும், ஆனால் அது கண்டுபிடிப்பாளர் கைக்கு வருவதில்லை, மையத்தை நடத்தும் நிறுவனத்துக்குப் போகிறது. அதுவும் சும்மா இல்லை. நடத்த முன்வருகிற நிறுவனம் தன் கையிலிருந்தோ, கூட்டுச் சேரும் கம்பெனி, அறக்கட்டளை மூலமாகவோ, அதே அளவு அல்லது அதற்கு மேல் போட முடியும் என்று காட்ட வேண்டும். உள்ளூரில் யாராவது பொறுப்பேற்றால்தான் அரசுப் பணம் முடங்காமல் வேலை செய்யும் என்ற எண்ணம் அது, அதில் நியாயம் இருக்கிறது. அரசு முழுச் செலவையும் ஏற்றுத் திறந்துவிட்டு, மானியம் தீர்ந்ததும் பூட்டிக் கிடக்கிற கட்டடங்களை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம்.

ஆனால் இந்தச் சமபங்கு விதியைப் பின்தங்கிய மாவட்டத்திலிருந்து பார்த்தால் வேறு மாதிரி தெரியும். பெரிய தொழிற்சாலை இருக்கிற ஊரில் கம்பெனியிடம் சமூகப் பொறுப்பு நிதி கேட்கலாம். தொழிற்சாலையே இல்லாத வானம் பார்த்த பூமியில் இரண்டரைக் கோடி போட யார் இருக்கிறார்கள்? அனேகமாக ஒரு பெரிய தனியார் கல்லூரிதான். அதனால் மையமும் கல்லூரி வளாகத்துக்குள்ளேயே வந்து உட்கார்ந்துகொள்கிறது. கல்லூரியைக் குறை சொல்லவில்லை, அவர்களும் முன்வராவிட்டால் மையமே இல்லை. ஆனால் பெயரில் 'கம்யூனிட்டி' என்று இருப்பது வளாகத்துக்கு வெளியே இருக்கும் ஜனங்களைத்தான் குறிக்கிறது.

நான் இதை அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. அந்த அண்ணனை ஒரு கல்லூரியின் புத்தாக்க மையத்துக்கு நானே அழைத்துப் போனேன் (ஏ.சி.ஐ.சி அல்ல, வேறொன்று). கேட்டிலேயே ஐ.டி கார்டு கேட்டார்கள். அதைத் தாண்டி உள்ளே போனால் ஒரு ஆங்கில விண்ணப்பம், அதில் என்ன படிப்பு, எந்த வருஷம், குழுவில் எத்தனை மாணவர்கள் என்று கட்டங்கள். அண்ணன் அந்தத் தாளை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, "வா தம்பி, பஸ்ஸுக்கு நேரமாச்சு" என்றார். அவர் செய்ததை எழுத அந்தத் தாளில் இடமே இல்லை.

ஏ.சி.ஐ.சி-யில் இதற்கு ஒரு வழி இருக்கிறது, பலருக்குத் தெரியாது. கம்யூனிட்டி இன்னோவேட்டர் ஃபெலோஷிப் என்று ஒன்றைத் தொடங்கினார்கள். ஒரு வருஷப் பயிற்சி, ஏதாவது ஒரு ஏ.சி.ஐ.சி-யில் இருந்துகொண்டே தன் யோசனையை வளர்க்கலாம், எந்தச் சமூக, பொருளாதாரப் பின்னணியில் இருந்தும் விண்ணப்பிக்கலாம். அதனால் மையத்துக்குப் போனால் "இன்குபேஷன் வேண்டும்" என்று பொதுவாகக் கேட்காமல், இந்த ஃபெலோஷிப் இப்போது திறந்திருக்கிறதா என்று பெயர் சொல்லிக் கேளுங்கள்.

அப்புறம் மொழி. 2024 நவம்பரில் ஒன்றிய அமைச்சரவை அடல் புத்தாக்க இயக்கத்தை 2028 மார்ச் 31 வரை நீட்டித்து 2,750 கோடி ஒதுக்கியது. அதில் அரசியலமைப்பின் எட்டாம் அட்டவணையில் உள்ள 22 மொழிகளிலும் புத்தாக்க வேலை நடக்க 30 தாய்மொழி மையங்கள் அமைப்பது ஒரு பகுதி, ஏற்கெனவே இருக்கும் இன்குபேட்டர்களுக்குள்ளேயே அவை வரும். தமிழும் அந்த 22-இல் ஒன்று. விண்ணப்பத்தைத் தமிழில் கொடுங்கள் என்று கேட்பதற்கு இதைவிட வலுவான காரணம் வேண்டாம். முன்னேற விழையும் மாவட்டங்கள், வட்டாரங்கள், வடகிழக்கு, ஜம்மு காஷ்மீர், லடாக் ஆகியவற்றுக்கென்று தனிப் பிரிவும் அதே முடிவில் உண்டு, 2,500 புதிய பள்ளி ஆய்வகங்கள் அதன் கணக்கில் வருகின்றன. ராமநாதபுரத்துப் பள்ளித் தலைமையாசிரியர்கள் இதைக் கவனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

பக்கத்தில் ஏ.சி.ஐ.சி இல்லாதவர்களுக்கு மாநில அரசின் வழி ஒன்று. தமிழ்நாடு தொழில்முனைவோர் மேம்பாடு மற்றும் புத்தாக்க நிறுவனம் இன்னோவேஷன் வவுச்சர் தருகிறது: யோசனையை மாதிரியாகச் செய்து பார்க்க 2 லட்சம் வரை, சந்தைக்குக் கொண்டுபோகும் கட்டத்துக்கு 5 லட்சம் வரை. ஒரு கல்லூரி அல்லது ஆய்வு நிறுவனத்தோடு கூட்டுச் சேர்ந்து செய்வது இதன் அடிப்படை. உலர்த்தி மாதிரியான ஒரு சாமானுக்கு 2 லட்சம் தாராளம்.

கூட்டாளி எங்கே கிடைப்பார்? வேளாண் அறிவியல் நிலையம், ஐ.டி.ஐ, பாலிடெக்னிக், ஊரில் உழவர் உற்பத்தியாளர் நிறுவனம் (விவசாயிகளே சேர்ந்து நடத்தும் கம்பெனி) இருந்தால் அது. தனி ஆளாகப் போவதைவிட உற்பத்தியாளர் நிறுவனத்தின் கடிதத்தோடு போனால் பேச்சே மாறும், ஏனென்றால் நாளைக்கு அந்தச் சாமானை வாங்கி உபயோகிக்க நூறு பேர் இருக்கிறார்கள் என்று அந்தக் கடிதம் காட்டுகிறது. போகும்போது சாமானை ஓடவிட்டு எடுத்த வீடியோ, செலவுக் கணக்கு எழுதிய நோட்டு, சரியாக வராத இடம் எது என்று ஒரு பக்கம் இவை போதும். சரியாக வராததை மறைக்காதீர்கள், மையம் இருப்பதே அதைச் சரிசெய்யத்தான்.

அண்ணன் அடுத்த பறிப்புக்குள் ஒரு முறை கிருஷ்ணன்கோவில் போய்வரச் சம்மதித்திருக்கிறார். கீழ் அடுக்கில் காயாமல் நின்ற வத்தலை ஒரு பையிலும், மேல் அடுக்கில் நன்றாகக் காய்ந்ததை இன்னொரு பையிலும் தனித்தனியாகக் கட்டி வைத்திருக்கிறார், கொண்டுபோய்க் காட்ட.