குக்ரியின் கூரும் கெட்டில் தண்ணீரும்

ஏற்காட்டுப் பக்கம் கொஞ்சம் நிலம் வாங்கிய வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: “நிலம் முழுக்க உண்ணிச்செடி மண்டிக் கிடக்கிறது. நடுநடுவே மணிக்கட்டுப் பருமனில் கிளைகள். ஆன்லைனில் ‘குக்ரி மச்செட்டி’ என்று தேடினால் எழுநூறு ரூபாயிலிருந்து ஏழாயிரம் வரை காட்டுகிறது. எதை வாங்கலாம்? அந்த வளைவால் உண்மையிலேயே பயன் உண்டா, இல்லை சும்மா ஸ்டைலா?”

குக்ரி என்பது நேபாளத்து வளைந்த கத்தி; மச்செட்டி, புதர் வெட்டும் நீண்ட மெல்லிய கத்தி. வளைவால் பயன் உண்டு. ஆனால் எழுநூறுக்கும் ஏழாயிரத்துக்கும் நடுவில் இருக்கும் வித்தியாசம் வளைவில் இல்லை. தகரத்தை வெட்டி அந்த வடிவத்தை யாரும் கொண்டுவந்துவிடலாம். காசு போகவேண்டிய இடம் எஃகும் அதற்கு வைத்த துவைச்சலும்தான், அதாவது காய்ச்சிக் குளிரவைத்துக் கடினமாக்கும் வேலை. முதலில் வளைவைச் சட்டென்று முடித்துவிடுகிறேன்.

குக்ரியின் அலகு பிடியருகே ஒடுங்கி, நடுவில் கீழ்நோக்கி மடங்கி, அதற்கப்பால் வயிறு தள்ளியிருக்கும். எடையில் பெரும்பங்கு அந்த வயிற்றில். வீசும்போது பிடியைவிட வயிறு வேகமாகப் போகிறது. இயக்க ஆற்றல் வேகத்தின் இருமடியோடு ஏறும் என்பது பள்ளிக்கூடத்திலேயே படித்ததுதான். ஆக எடையை வேகமான இடத்தில் வைத்திருக்கிறார்கள். இன்னொரு லாபம், கை அதிராமல் வெட்டும் புள்ளி. சீரான ஒரு கம்பியை ஒரு முனையில் பிடித்து வீசினால் அந்தப் புள்ளி மூன்றில் இரண்டு பங்கு நீளத்தில் விழும். வயிற்றில் எடை கூடக்கூட அது நுனிப்பக்கம் நகரும். குக்ரியில் அது ஏறக்குறைய வயிற்றிலேயே வந்து உட்கார்ந்துவிடுகிறது. அதனால்தான் நல்ல குக்ரியால் விறகு பிளந்தவர்களுக்கு மணிக்கட்டு அதிகம் வலிப்பதில்லை.

மடங்கிய கூர் மரத்தின் மேல் நேராக விழாமல் சாய்ந்து விழும். அழுத்தும்போதே கொஞ்சம் அறுக்கவும் செய்யும். 40 பாகைக் கூர்முனை 30 பாகை சாய்வாக இறங்கினால், மரத்துக்கு அது 35 பாகைக் கூர்முனையாகத்தான் படும். தீட்டாமலே கிடைக்கும் கூர்மை!

இனி ‘மச்செட்டி’ பக்கம். நேபாளத்துக் குக்ரியின் முதுகு சாதாரணமாக 8 முதல் 10 மில்லிமீட்டர் கனம் இருக்கும். தொழிற்சாலையில் வரும் குக்ரி மச்செட்டி மூன்று மில்லிமீட்டர்ப் பட்டையில் செய்தது. இரண்டுக்கும் வேலை வேறு. காய்ந்த கட்டையைப் பிளக்க ஆப்பு மாதிரி கனமான முதுகு வேண்டும். பச்சைக் கொடியும் மெல்லிய கிளையும் அப்படியில்லை. கத்தி பட்டதும் அவை விலகிப் போகப் பார்க்கும். அவற்றைப் பிடித்து வைத்திருப்பது அவற்றின் சொந்த நிலைமம் மட்டும்தான். விலகுவதற்குள் வெட்டி முடிக்க வேண்டுமென்றால் வேகம் வேண்டும், வேகத்துக்கு எடை குறைந்த கத்தி வேண்டும். ஒரு கிலோவை நெருங்கும் குக்ரியால் உண்ணிப்புதரை அரை மணி நேரம் வீசிப் பாருங்கள், தோள்பட்டை பதில் சொல்லும். மெல்லிய பட்டையும் தள்ளிய வயிறும் சேர்ந்த குக்ரி மச்செட்டி ஒரு சமரசம். புதர், மணிக்கட்டுப் பருமன் கிளை என்று கலந்து கிடக்கும் நிலத்துக்கு அந்தச் சமரசம் சரியாகவே பொருந்தும். 12, 13 அங்குல அலகு போதும்.

இப்போது எனக்குப் பிடித்த இடத்துக்கு வருகிறேன்.

கிழக்கு நேபாளத்தின் போஜ்பூர், தரான் பக்கத்துப் பட்டறைகளில் குக்ரிக்கு எஃகு எங்கிருந்து வருகிறது தெரியுமா? பழைய லாரி ஸ்பிரிங் பட்டைகளிலிருந்து. நம்மூர்த் திருப்பாச்சேத்தி அரிவாளுக்கும் அதே மூலப்பொருள்தான். ஸ்பிரிங் எஃகில் பெரும்பாலும் 0.6 சதவீதம் அளவுக்குக் கரி (கார்பன்) இருக்கும், கூடவே சிறிது குரோமியமோ சிலிக்கானோ மாங்கனீசோ. வளைந்து வளைந்து நிமிர்வதற்கென்றே பிறந்த உலோகம். கத்திக்கு அது குப்பையிலிருந்து கிடைத்த அதிர்ஷ்டம்.

அடித்து வடிவம் வந்த பிறகு கொல்லர் அலகைச் செக்கச்சிவக்கக் காய்ச்சுகிறார். தொட்டியில் முக்குவதில்லை. கூர் மேலே பார்க்க அலகைப் பிடித்துக்கொண்டு, சாதாரணத் தேநீர்க் கெட்டிலை எடுத்து, அதன் மூக்கு வழியாக விரல் பருமன்கூட இல்லாத தாரையாகத் தண்ணீரைக் கூரின் மேல் மட்டும் ஓட்டுகிறார். வயிற்றுப் பகுதிக்கு இரண்டு மூன்று முறை கூடுதலாகப் போய் வருகிறது அந்தத் தாரை. சீறலும் ஆவியும் அடங்கும்போது கூர் கறுத்திருக்கும், முதுகு இன்னும் சிவப்பாகவே கனன்றுகொண்டிருக்கும்.

அந்தச் சில நொடிகளில் உள்ளே நடப்பது இது. 727 பாகை செல்சியசைத் தாண்டிச் சூடேறிய எஃகில் இரும்பு அணுக்கள் அடுக்கு மாறி நிற்கும். அந்த அடுக்குக்கு ஆஸ்டெனைட் என்று பெயர். அதன் இடுக்குகளில் கரி அணுக்கள் தாராளமாக உட்காரலாம். குளிர்ந்த இரும்பின் அடுக்கிலோ கரிக்குக் கிட்டத்தட்ட இடமே கிடையாது. மெதுவாக ஆறவிட்டால் கரி நிதானமாக வெளியேறி, இரும்போடு சேர்ந்து தனிப் படலங்களாகப் படியும். மென்மையும் கடினமும் மாறி மாறி அடுக்கிய பெர்லைட் கிடைக்கும். இது வளையும், எளிதில் உடையாது. சட்டென்று குளிரவைத்தால் கரிக்கு வெளியேற நேரமில்லை; தன் நிறுத்தத்தில் இறங்குவதற்குள் பஸ் கிளம்பிவிட்ட பயணியின் கதிதான். சிக்கிய கரி இரும்பின் அடுக்கை ஒரு திசையில் இழுத்து நீட்டிவிடுகிறது. அதுதான் மார்ட்டன்சைட். ஜெர்மானிய உலோகவியலாளர் அடால்ஃப் மார்ட்டன்ஸின் பெயரில் 1895-இல் பிரெஞ்சு அறிஞர் ஃப்ளோரிஸ் ஓஸ்மோன் வைத்த பெயர் அது. இந்த மாற்றத்துக்கு அணுக்கள் ஒவ்வொன்றாக நகர்வதில்லை. பட்டாளம் திரும்புவதுபோல் மொத்தமாகச் சாய்கின்றன. சில உலோகக் கலவைகளில் இது நொடிக்கு ஆயிரம் மீட்டர் வேகத்தில் பரவுவதாக அளந்திருக்கிறார்கள்.

மார்ட்டன்சைட்டாக மாறும்போது எஃகு சற்று உப்பும். கூர் உப்ப, பக்கத்தில் இருப்பது உப்பாமல் நிற்க, நடுவில் இழுபறி. இழுபறி மிஞ்சினால் ‘டிக்’ என்று ஒரு சின்னச் சத்தம். அந்தச் சத்தம் கேட்டால் அன்றைய உழைப்பு போச்சு. கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் விரிசல் விழுந்துவிட்டது என்று எந்தக் கொல்லருக்கும் தெரியும். குரோமியம் கலந்த ஸ்பிரிங் எஃகை எண்ணெயில் குளிரவைப்பதுதான் தொழிற்சாலை வழக்கம். அதற்குத் தண்ணீர் மிகக் கடுமை. கெட்டில் அந்தக் கடுமையை அளந்து ஊற்றுகிறது. தொட்டியில் முக்கினால் அலகைச் சுற்றி ஆவிப் போர்வை ஒன்று போர்த்திக்கொள்ளும். குளிர்ச்சி ஓரிடத்தில் சுணங்கும், ஓரிடத்தில் பாயும். ஓடும் தாரை அந்தப் போர்வையைக் கிழித்துக்கொண்டே போகிறது, அதுவும் கொல்லர் நினைத்த இடத்தில் மட்டும்.

இன்னும் அழகானது அடுத்து வருவது. புது மார்ட்டன்சைட் கண்ணாடி மாதிரி நொறுங்கும்; அதை மறுபடி மிதமாகச் சூடாக்கிப் பதப்படுத்த வேண்டும். அதற்கென்று தனி அடுப்பு எதற்கு? கனன்று நிற்கும் முதுகின் மிச்சச் சூடு மெல்லக் கூர்ப்பக்கம் இறங்குகிறது. கூரில் வைக்கோல் மஞ்சள் படர்ந்தால் ஏறத்தாழ 220 பாகை. அங்கே நிறுத்த இன்னொரு ஊற்று. வெப்பமானி, கடிகாரம், மின்உலை ஒன்றும் இல்லை. ஒரே காய்ச்சலில் கடினமான கூர், இளகிய முதுகு, பதப்படுத்தல் மூன்றும் முடிந்தன.

இதைச் செய்கிறவர்கள் காமி, விஸ்வகர்மா என்று அழைக்கப்படும் கொல்லர் சமூகத்தினர். குக்ரியின் புகழெல்லாம் 1814-16 போரில் ஆங்கிலேயரை மிரளவைத்த கூர்க்கா சிப்பாய்க்குப் போயிற்று. அதை அடித்தவரைத் தீண்டத்தகாதவர் என்று ஒதுக்கியது அதே சமூகம். 1963-இல் சட்டம் மாறிய பிறகும் வழக்கம் முழுதாக மாறவில்லை. ‘உறையிலிருந்து உருவினால் ரத்தம் பார்க்காமல் உள்ளே போகாது’ என்ற கதையை நம்புகிறவர்கள் நேபாள வீட்டு அடுக்களையை ஒருமுறை எட்டிப் பார்க்கலாம். அங்கே அது விறகும் பூசணிக்காயும்தான் வெட்டிக்கொண்டிருக்கும். பிடியருகே கூர் தொடங்கும் இடத்தில் இருக்கும் சின்ன வெட்டுப்பள்ளத்துக்கும் சிவனின் சூலம், பசுவின் குளம்பு, ரத்தம் வடியும் வழி என்று ஆளுக்கொரு விளக்கம். கெட்டில் கதை யாருக்கும் வேண்டாம்! நானோ, குவாண்டம் என்று பெயர் வைத்தால் ஆராய்ச்சிப் பணம் கிடைக்கும் காலம் இது. கடினத்தன்மை அளக்கும் கருவி நம் பொறியியல் கல்லூரிகள் பலவற்றில் தூசி படிந்து நிற்கிறது. அதைத் துடைத்து, பட்டறைக் கத்திகளை அங்குலம் அங்குலமாக அளக்க ஒரு மாணவருக்கு உதவித்தொகை கொடுத்தால் என்ன குறைந்துவிடும்?

வாங்கும் வேலைக்கு வருவோம். தொழிற்சாலைக் குக்ரி மச்செட்டியில் கெட்டில் கிடையாது. பட்டை முழுவதையும் ஒரே மாதிரிக் கடினமாக்கி, பிறகு முழுவதையும் இளக்குவார்கள். கூர் கடினமாக இருந்தால் முதுகும் அதே அளவு கடினம், உடையும் பயம் உண்டு. அதனால் ராக்வெல் என்ற கடினத்தன்மை அளவில் 50-களின் தொடக்கத்தோடு நிறுத்திக்கொள்வார்கள். கூர் சீக்கிரம் மழுங்கும், ஆனால் கல்லில் பட்டால் பெயர்ந்து போகாது, அரத்தால் நீங்களே தீட்டிக்கொள்ளலாம். புதர் வெட்ட இதுதான் வேண்டும்.

விளம்பரத்தில் எஃகின் எண் இருக்கிறதா என்று பாருங்கள். 1055, 1075 போன்ற எண்களில் கடைசி இரண்டு இலக்கம் கரியின் அளவு: 0.55 சதவீதம், 0.75 சதவீதம். கோல்ட் ஸ்டீல் நிறுவனத்தின் மலிவுவிலைக் குக்ரி மச்செட்டி 1055-இல் வந்தது. எல் சால்வடாரில் செய்யப்படும் காண்டோர் நிறுவனக் கத்தி 1075. 1055 போதும், தாராளமாகப் போதும். ‘ஜப்பானிய எஃகு’, ‘உயர்தர ஸ்டெயின்லெஸ்’ என்று மட்டும் போட்டு எண்ணை மறைத்திருந்தால் விட்டுவிடுங்கள். பளபளப்பு சுவரில் மாட்டுவதற்கு. பிடிக்குள் போகும் காம்பு அலகின் அகலத்திலேயே கடைசிவரை ஓடி ரிவெட் அடித்திருந்தால் நல்லது. பென்சில் பருமனுக்கு ஒடுங்கிய காம்பு வீச்சின் நடுவில் முறிந்தால் அலகு எங்கே பறக்கும் என்று சொல்ல முடியாது.

கையில் வந்ததும் ஒரு புது அரத்தை எடுத்துக் கூரில் லேசாக இழுங்கள். வெண்ணெயில் போவது போலக் கடித்தால் இளக்கம், முதல் கிளையிலேயே கூர் மடங்கும். கண்ணாடியில் போல வழுக்கினால் அளவுக்கு மீறிய கடினம், பல் பெயரும். தயங்கித் தயங்கிக் கடித்தால் சரி. பிடிப்பக்கம், வயிறு, நுனி மூன்றிலும் பாருங்கள். மச்செட்டியில் எங்கும் ஒரே மாதிரி இருக்க வேண்டும், கெட்டில் வைத்த குக்ரியில் வயிறு மட்டும் அடம்பிடிக்கும். திருப்பி அனுப்பும் வசதி உள்ள கடையில் வாங்கச் சொல்வது இதற்காகத்தான்.

சட்டமும் உண்டு. இந்திய ஆயுத விதிகளில் குக்ரியின் பெயரே இருக்கிறது: 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள அலகு ஆயுதக் கணக்கு. வீட்டுக்கும் விவசாயத்துக்கும் என்று செய்தவை விலக்கு. தோட்டத்தில் வைத்துக்கொள்ளுங்கள், இடுப்பில் செருகிக்கொண்டு பஸ் ஏற வேண்டாம்.

மலிவு மச்செட்டிகள் பெரும்பாலும் மழுங்கலாகவே வரும். அதைத் தெருவோரச் சாணைச் சக்கரத்தில் கொடுத்துத் தீட்டச் சொன்னால் பக்கத்திலேயே நில்லுங்கள். கூர் ஓரத்தில் நீலம் ஓடினால் அங்கே 300 பாகையைத் தொட்டாயிற்று; மார்ட்டன்சைட்டில் மாட்டியிருந்த கரி இன்னும் கொஞ்சம் கழன்றுவிட்டது, அந்த இடம் முன்னைவிட இளகிப்போயிற்று. பொறி பறக்கும்போதே இடையிடையே தண்ணீரில் நனைக்கச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் ஓர் அரம் வாங்கிக் கையாலேயே தேயுங்கள். அரை மணி நேர வேலைதான்.