எலும்பில்லாத பாக்குவெட்டி

“சுறா, திருக்கைக்கெல்லாம் குருத்தெலும்புதான் என்று பள்ளியில் படித்தோமே, அப்புறம் சில திருக்கைகள் சிப்பியை எப்படி உடைத்துத் தின்கின்றன?” என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். நியாயமான கேள்வி. காது மடலை வைத்துக் கொட்டைப்பாக்கை உடைக்க முடியுமா?

மாட்டுமூக்குத் திருக்கை உடைக்கிறது. ரைனாப்டெரா என்ற பேரினம். நெற்றி நடுவே பள்ளம் விழுந்து மாட்டின் மூக்குப் போலத் தெரிவதால் மாட்டுமூக்கு என்று பெயர். இன்று ஏழெட்டு இனங்கள் இருக்கின்றன. அதில் ஒன்றான ஜெயகாரிக்கு, மஸ்கட்டில் மருத்துவராக இருந்த ஆத்மாராம் ஜெயகர் என்ற இந்தியரின் பெயர்.

இதன் வாய்க்குள் இருப்பதைப் பல் என்று சொல்லவே தோன்றாது. மேலேயும் கீழேயும் தளம் போட்ட மாதிரி அறுகோண ஓடுகள், பெரும்பாலும் ஏழு வரிசை. முன்னால் தேய்ந்து உதிர உதிரப் பின்னாலிருந்து புதியவை நகர்ந்து வரும்.

ஆனால் என்னை மயக்குவது அந்த ஓடுகளுக்கு அடியில் இருக்கிறது. 2000-இல் ஆடம் சம்மர்ஸ் என்ற ஆய்வாளர் இந்தத் தாடையின் உட்புறத்தை விவரித்தார். குருத்தெலும்புக்குள்ளே கால்சியம் ஏறிய சின்னச் சின்னத் தூண்கள்! அதுவும் கண்ட இடத்தில் இல்லை, பல் தளத்தின் பாரம் இறங்கும் இடத்தில். இடது, வலது தாடைகள் நடுவில் ஒட்டி ஒரே துண்டாகியிருக்கின்றன. மேல், கீழ்த் தாடைகளை ஓரங்களில் உறுதியான நார் கட்டி வைத்திருக்கிறது. ஒரு பக்கத் தசை மட்டும் இழுத்தால், எதிர்ப்பக்கத்து நார் கீல் ஆகிவிடும். இடையில் மாட்டுவது சிப்பி. நம் வீட்டுப் பாக்குவெட்டியேதான். தசையின் பலம் இப்படித்தான் பெருகுகிறது என்பது அவர் விளக்கம்.

செத்த பிறகு குருத்தெலும்பு மட்கிவிடும், பல் மிஞ்சும். அதனால் இந்தப் பேரினத்தில் அழிந்துபோன ஸ்டுடேரி போன்ற இனங்களைப் பெரும்பாலும் பல்லை வைத்துத்தான் அறிகிறோம். அந்தப் பல்லின் அடிப்பக்கத்தில் சீப்புப் பல் மாதிரி வரிவரியாகப் பள்ளம் இருக்கும். ஆனால் ஒரே வாயிலேயே நடுப்பல் அகலம், ஓரப்பல் குறுகல். நாலு பல்லைப் பார்த்துப் புதுப்பெயர் சூட்டுவதில் எனக்குக் கொஞ்சம் சந்தேகம்தான்.

அமெரிக்காவின் செசாபீக் விரிகுடாவில் இந்தத் தாடையே இவற்றுக்கு வினையானது. சுறா குறைந்ததால் திருக்கை பெருகிச் சிப்பிகளைத் தின்று தீர்க்கிறது என்று 2007-இல் ஓர் ஆய்வு சொல்ல, திருக்கையைத் தின்போம் என்று பிரசாரமே நடந்தது. வருடம் ஒரே ஒரு குட்டி போடும் பிராணி அவ்வளவு வேகமாக எப்படிப் பெருகும்? கணக்குப் போட்டிருக்க வேண்டாமா? 2016-இல் வேறொரு குழு பழைய தரவுகளைத் தோண்டி அந்தக் கதையை மறுத்தது. அடுத்த ஆண்டு மேரிலாந்து மாநிலம் திருக்கை கொல்லும் போட்டிகளை நிறுத்தி வைத்தது.